நான் எழுதிச் சேர்த்த தண்டனை

திண்டிவனம்,
ஞாயிறு காலை.

கண்ணு,

நீ ரயிலேறி ஆறு நாள் ஆகிறது. பயிற்சிக்குப் போன இடத்தில் சாப்பாடு எப்படி, எத்தனை மணிக்கு எழுப்பி ஓடவிடுகிறார்கள், காக்கி உடுப்பை அளவாகத் தைத்துக் கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை நான் ஆரம்பிக்க வேண்டும். அவற்றை உன் அப்பா தனியாக ஒரு கார்டில் கேட்டிருக்கிறார். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயம். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், இது நான்காவது. கொஞ்சம் நீளமாகப் போகும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது படி.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் வீட்டில் விருந்து வைத்தோம். உன் சின்ன அத்தையும் அவள் வீட்டுக்காரரும் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார்கள். எதிர்வீட்டு வாத்தியாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மகன் உதவி ஜெயிலர் ஆகிவிட்டான் என்று உன் அப்பா தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருந்தார். வாத்தியார்தான் பேச்சை எடுத்தார். "இன்னாப்பா, ஜெயில்ல இருக்கறவனுக்கும் உரிமை அது இதுன்னு இப்பல்லாம் பேசிக்கினு இருக்காங்களே, நீ இன்னா பண்ணப் போற?" என்றார். நீ ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "கொலை பண்ணிட்டு வந்தவனுக்கு இன்னா சார் உரிமை? உள்ள கால் வெச்ச அன்னிக்கே எல்லாம் போச்சு. சோறு போடறதே அதிகம்." எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தை மட்டும் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டாள். மோர் எடுத்துவருவதாகச் சொல்லி நான் உள்ளே போனேன். மோர்ச் சட்டி கூடத்தில் உன் பக்கத்திலேயே இருந்தது.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. அந்த வார்த்தை உன்னுடையது இல்லை, என்னுடையது. நீ பத்தாவது படித்த வருஷம், தணிகாசலம் மாமாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன பிறகு, பள்ளிக்கூடத்தில் யாரோ உன்னைக் 'கொலைகாரன் அக்கா மகன்' என்று கூப்பிட்டதற்காக நீ புத்தகப் பையை எறிந்துவிட்டு வந்து அழுதாய். அப்போது உன் முகத்தைத் துடைத்துவிட்டு நான் சொன்னேன்: "அவன் நமக்கு யாரும் இல்ல. அவனுக்கெல்லாம் சோறு போடறதே அதிகம்." ஒன்பது வருஷம் கழித்து அதே சொல், அதே ராகத்தில், என் மகன் வாயிலிருந்து வந்தது. அதோடு நீ அந்த வேலைக்கும் போகிறாய். மாமாவைப் போன்றவர்களின் மனுக்கள் உன் மேசைக்கு வரும். அதனால்தான் இதை இனிமேலும் என்னோடு வைத்துக்கொள்ள முடியவில்லை.

மாமா செய்ததைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து இரண்டு மைல் உள்ளே. உன் தாத்தா இறந்த பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவன்தான். பக்கத்து நிலம் ஏழுமலையுடையது. இரண்டு பேர் கரும்புக்கும் ஒரே வாய்க்கால். யார் முறை, எத்தனை மணி நேரம் என்று வருஷா வருஷம் வாய்ச்சண்டை நடக்கும். அவனுக்குக் கோபம் வந்தால் பேச்சுக்கு முன்னால் கை போய்விடும், சின்ன வயசிலேயே அப்படி. அது தெரிந்திருந்தும் அந்தத் தீபாவளிக்கு அவன் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தபோது, "ஏழுமலைக்கு வுட்டுக் குடுக்காத. இன்னிக்கு தண்ணிய வுட்டா நாளைக்கு வரப்ப ஏத்துவான்" என்று சொன்னது நான். நிலத்தில் எனக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பில் சொன்னேன். அந்த வார்த்தையால்தான் அவன் அடித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கோர்ட்டில் யாரும் என்னை அதைக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் அது நடந்துவிட்டது. ஏழுமலை மடையைத் திருப்பியிருக்கிறார். இவன் மண்வெட்டியை ஓங்கிவிட்டான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பட்டது. கட்டை வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு லாரியில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் உயிர் போய்விட்டது. இவன் எங்கேயும் ஓடவில்லை. போலீஸ் வரும்வரை அந்த வரப்பிலேயே உட்கார்ந்திருந்தானாம். ஏழுமலைக்கு முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. அவர் மனைவி கன்னியம்மாளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவளுக்குப் பத்து வயசு, இளையது அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. இதை நீ மறக்கக் கூடாது. நான் இனி எழுதப் போவதைப் படித்துவிட்டு மாமாவை நல்லவன் என்று நினைத்துவிடாதே. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அவன் அது மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதே. உனக்கு ஏழு வயசில் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியைப் பறித்த கையோடு அரைத்துக் கொடுக்க வேண்டும், வாடினால் பயனில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பதினொரு நாள், தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஈரத் துணியில் செடியைச் சுற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் மாறித் திண்டிவனம் வந்து, உன் வாயில் மருந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் நிலத்துக்குத் திரும்பிப் போனான். நீ துப்பினால் மடியில் போட்டு மறுபடியும் புகட்டுவான். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. அவன் ஜெயிலுக்குப் போன பிறகு அவனைப் பற்றிய நல்ல பேச்சு எதுவும் நம் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். நீ புதுச்சேரியில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன வருஷம், எண்பத்து மூன்று. என் அம்மா ஊரில் தனியாக இருக்க முடியாமல் நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தாலும் பயனில்லை, மாதக் கணக்கில்கூட இல்லை, வாரக் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன் அறையில் ஜன்னல் பக்கம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். நீ இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாய். அவள் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தணிகாவுக்கு ஒரு லெட்டர் எழுது. அவன ஒரு தபா பாத்துட்டா எனக்கு போதும்" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். டாக்டரின் சர்டிபிகேட்டையும் சேர்த்து அனுப்பினேன். இதனால் எதுவும் நடந்துவிடாது என்ற தைரியத்தில்தான் அனுப்பினேன்.

நடந்தது. மூன்று வாரத்தில் ஒருவர் சைக்கிளில் வந்தார். நன்னடத்தை அதிகாரி என்று சொன்னார். கைதி அவசர விடுப்பு கேட்டு மனுப் போட்டால், அவன் வந்து தங்கப்போகிற வீட்டில் விசாரித்து எழுதி அனுப்ப வேண்டியவர் அவர். நான் அன்று டெலிபோன் எக்சேஞ்சில் மத்தியான ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உன் அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் டூட்டியில் இருந்தார். அம்மா முன் அறையில் மருந்து மயக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தாள். அதிகாரியைக் கூடத்தில்கூட உட்கார வைக்காமல் பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், தண்ணீர்த் தொட்டி பக்கம் நாற்காலி போட்டேன்.

நிதானமான மனிதர். "ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா பத்து நாளைக்குள்ள வந்துருவாரும்மா. ஆறு நாள் குடுப்பாங்க" என்றார்.

"இங்கியா சார்? இந்த வூட்டுலயா தங்கணும்?"

"அம்மா இங்கதான இருக்காங்க. வேற எங்க தங்குவாரு?"

"எங்க நாத்தனாருக்கு அடுத்த மாசம் கல்யாணம் வெச்சிருக்கோம் சார். மாப்ள வூட்டுக்காரங்க வந்து போய்க்கினு இருக்காங்க."

"தங்க வேணாம்னா காவலோட கூட்டியாரச் சொல்லி எழுதறேன். ரெண்டு போலீஸ் கூட வருவாங்க. ஒரு மணி நேரம் பாத்துட்டு உடனே போயிருவாரு" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் கண்ணால் பார்த்தேன். தெருமுனையில் போலீஸ் வேன், கையில் விலங்கோடு என் தம்பி, எதிர்வீட்டு வாசலில் வாத்தியார் குடும்பம். உன் சின்ன அத்தையின் மாப்பிள்ளை வீட்டாரிடம் எனக்கு ஒரு தம்பி உண்டு, பம்பாயில் வேலை பார்க்கிறான் என்று சொல்லியிருந்தோம். சொன்னது உன் அப்பாவோ அத்தையோ இல்லை, நான்தான். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும்போது யாரும் கேட்காமலே சொன்னேன். "வேணாம் சார். ரெண்டுமே வேணாம்" என்றேன்.

"காரணம் எழுதணும்னு இல்ல. ஆட்சேபணைன்னு மட்டும் எழுதினா போதும்" என்றார் அவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெறுமனே வேண்டாம் என்று எழுதினால், பெற்ற தாயைப் பார்க்க விடாத பெண் என்று இந்த ஆள் நினைப்பாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ள என் கையெழுத்தில் எழுதினேன்: 'அவர் வெளியே வந்தால் எங்கள் உயிருக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சுகிறேன்.' என் வாழ்க்கையில் முதன்முறையாக அவனை 'அவர்' என்று எழுதினேன். அதிகாரி படித்துப் பார்த்தார். "நெஜமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன் அறை வழியாகத்தான் வெளியே போனார். போகிறபோது கட்டிலைப் பார்த்தார்.

எனக்கு அவனிடம் ஒரு நாளும் பயம் இருந்ததில்லை, கண்ணு. கோபத்தில்கூட அவன் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

அன்று சாயங்காலம் உன் அப்பா வந்ததும் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "உன் தம்பி, உன் முடிவு" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவர் தடுத்திருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேட்டிருக்க மாட்டேன். ஆகவே அவர்மேல் இதில் பாதியைப் போட எனக்கு வழியில்லை.

அம்மா அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். தினமும் நான் வேலையிலிருந்து வந்ததும் கேட்பாள், "தபால் வந்துச்சா?" நான் இல்லை என்பேன். ஒரு வாரம் கழித்து, விடுப்பு கொடுக்க மாட்டோம் என்று கவர்மெண்டிலிருந்து பதில் வந்துவிட்டதாகச் சொன்னேன். "ஏன் குடுக்கலயாம்?" என்று கேட்டாள். "ஜெயில்ல இருக்கறவங்களுக்கு அதெல்லாம் இல்லியாம்மா" என்றேன். "சாவப்போறவள பாக்கறதுக்குக் கூடவா சட்டம் இல்ல? அவங்களுக்கும் ஒரு ஆத்தா இருப்பா இல்ல" என்றாள். பிறகு நம் வீட்டுக்கு யார் வந்தாலும், நர்ஸ் வந்தாலும், பால்காரர் வந்தாலும், கவர்மெண்டைத் திட்டினாள். செய்யாத பாவத்துக்கு அரசாங்கம் என் அம்மாவிடம் வசவு வாங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். நீயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டாய். "அவங்க சொல்றதுதான் ஆயா சரி" என்று அவளிடம் சொன்னாய். பதினெட்டு வயசுப் பையன், என் பக்கம் நியாயம் பேசுவதாக நினைத்துச் சொன்னாய். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மூன்று மணிக்கு அவள் போனாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் தந்தி கொடுத்தோம். எக்சேஞ்சில் நான் உட்காரும் நாற்காலியிலிருந்து தந்தி கவுண்டர் பத்தடி தூரம். ஜெயிலுக்குக் கொடுத்திருந்தால் காரியத்துக்காவது காவலோடு அனுப்பியிருப்பார்கள். மாமாவுக்கு நான் கார்டு போட்டேன். அதையும் மூன்றாம் நாள்தான் போட்டேன். கார்டு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியும். கல்யாணம் தள்ளிப்போய், சாவு கழிந்த பிறகு ஒரு நல்ல நாளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரும் பம்பாய்த் தம்பியைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து உன் அத்தையே தன் கணவரிடம் உண்மையைச் சொன்னாளாம். "இத ஏன் மறைச்சீங்க, எங்க சித்தப்பாவும்தான் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாரு" என்றாராம் அவர்.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் எழுதாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அடுத்த மாசியில் நிலத்து விஷயமாக ஊருக்குப் போனேன். குத்தகைக்கு விட்டிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ரோட்டுக்கு நடந்து வரும்போது, மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து, "இன்னாக்கா, நெலத்த பாக்க வந்தியா?" என்றாள். கன்னியம்மாள். கோர்ட்டுக்குப் பிறகு அவளை நான் பார்த்ததில்லை. ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள்.

"உங்கம்மா பூட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். பையன் வந்து பாத்தானா?"

"இல்ல. லீவு குடுக்கல."

"ஏன் குடுக்கல? நான் கைநாட்டு வெச்சிக் குடுத்தனே."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: "ஒரு ஆபீசரு வந்தாரு. 'அவன் லீவுல வந்தா உனக்கு ஆட்சேபணையா'ன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னேன். எழுதிக்கினு வந்து காமிச்சாரு, வெரல் வெச்சேன்."

"நீயா குடுத்த?" என்றேன்.

"அவன நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சிக்காத. அவன் உள்ளியே கெடக்கட்டும். எத்தினி வருசம் போட்டாங்களோ அத்தினி வருசமும் கெடக்கட்டும். எம்புள்ளைங்க அப்பன் இல்லாத வளருது, அத நான் எப்டி மறப்பேன்?" மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் பேசினாள். "எங்கூட்டுக்காரர லாரியில ஏத்திக்கினு போனாங்க. என்ன ஏத்தல. நான் பஸ்ஸு புடிச்சி விழுப்புரம் போய் சேர்றதுக்குள்ள துணிய போட்டு மூடிட்டாங்க. ஒரு வார்த்த பேசல. மொகம் பாக்காத போனா எப்டி இருக்கும்னு எனக்கு தெரியும்க்கா. அந்தக் கெழவி யாரையும் வெட்டலியே. அவளுக்கு ஏன் அந்த தண்டன?"

அவள் யோசித்துக்கொண்டே சொன்னாள், "நானே வாணாம்னு சொல்லல. அப்ப வேற யாரோ சொல்லிகீறாங்க." என் முகத்தைப் பார்த்தாள். நேரமாகிவிட்டது, பஸ் போய்விடும் என்றேன். அவள் இரண்டு கை நிறைய மல்லாட்டையை மண்ணோடு அள்ளி என் பையில் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாரம் நீ ஹாஸ்டலிலிருந்து வந்தபோது அந்தக் கடலையைத்தான் உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டாய். சந்தையில் என்றேன்.

அதற்கப்புறம்தான் மாமாவைப் போய்ப் பார்த்தேன். அவன் உள்ளே போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, அதுவரை நான் ஒரு தடவைகூட மனுப் போட்டுப் பார்க்கப் போனதில்லை. இரண்டு கம்பி வலைக்கு நடுவில் கையெட்டாத இடைவெளி. அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லோரும் ஒரே சமயத்தில் கத்துவார்கள். நீ இப்போது அதைப் பார்த்திருப்பாய். தலை நரைத்துவிட்டது அவனுக்கு. "அம்மா கடைசியா இன்னா சொல்லுச்சி?" என்று கேட்டான். "உன்னத்தான் கேட்டுக்கினே இருந்தாங்க" என்றேன். வலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டு அவன் முதுகில் கையை வைத்தான். யாரோ ஒரு கைதி. அவன் என்ன செய்துவிட்டு வந்தவனோ.

நான் சொல்வதற்கு வாயெடுத்தேன். அவனே முந்திக்கொண்டான். "எனக்கு தெரியும்க்கா. மனுவ தள்ளினப்போ ஆபீஸ்ல படிச்சி காமிச்சாங்க. நீ வாணாம்னு எழுதியிருந்தா சரி. உனக்கும் ஒரு குடும்பம் கீது, பேஜாருன்னு வாணாம்னு சொல்லுவ. அது எனக்கு புரியாதா? ஆனா என்னக் கண்டா பயம்னு எழுதிட்டியேக்கா."

நேரம் முடிந்தது என்று விசில் ஊதிவிட்டார்கள். அவன் திரும்பிப் போகும்போது, "கன்னியம்மா எப்டி கீது? புள்ளைங்க படிக்குதா?" என்று கத்திக் கேட்டான். நான் சொன்னது அவன் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது.

அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். யூனியன் மீட்டிங் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அங்கேதான். எண்பத்தேழில் நானே மனு எழுதிக் கொடுத்து, நம் வீட்டு முகவரியைக் கொடுத்து, இந்த வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். ஆறு நாள் விடுப்பு கிடைத்தது. அவன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். "வெளிய வந்து யார பாக்கறதுக்கா? நீதான் இங்க வந்து பாக்கறியே" என்றான். குத்திக் காட்டுகிறானா என்று அவன் முகத்தில் தேடினேன். அப்படி எதுவும் இல்லை.

உனக்கு இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பெரிய பெரிய படிப்பெல்லாம் நீ படித்தவன், சட்டம் என்னைவிட உனக்குத் தெரியும். ஏழுமலைக்கு இல்லாத உரிமை இவனுக்கு எதற்கு என்று நீ கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் பாத்தியதை இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீதிபதி யோசித்து, இரண்டு பக்கமும் கேட்டு, ஒரு தண்டனையைத் தாளில் எழுதினார். இத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டும் என்று எழுதினார். தாய் முகம் பார்க்கக் கூடாது என்று எழுதவில்லை. அதை எழுதிச் சேர்த்தது நான். ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில், தொட்டிப் பக்கம் நின்றுகொண்டு எழுதினேன். உன் உத்தியோகத்தில் உனக்கு இப்படி எழுதிச் சேர்க்க ஆயிரம் சந்தர்ப்பம் வரும். கடிதத்தைத் தாமதமாகக் கொடுக்கலாம். டாக்டரிடம் அனுப்புவதை நாளைக்கு என்று தள்ளலாம். மனுவைக் கோப்புக்கு அடியில் வைக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். உன் பக்கம் நியாயம் இருக்கிற மாதிரியே உனக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இன்னொன்று. குடும்பத்தார் 'ஆபத்து, அனுப்பாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்த தாள் உன்னிடம் வந்தால், அதை அப்படியே நம்பிவிடாதே. அதை எழுதியவள் என்னைப் போன்ற ஒருத்தியாகவும் இருக்கலாம். 'நிஜமாவா' என்று இரண்டாவது தடவையும் கேள். அந்த அதிகாரி ஒரு தடவைதான் கேட்டார். இரண்டாவது தடவை கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உறுதியாகத் தெரியவில்லை.

கன்னியம்மாளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. ஆறு வருஷமாகிறது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை பார்த்தேன். ஒரு முறை சிரித்தாள், ஒரு முறை அவள் என்னைப் பார்க்காதபடி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் பெரிய பெண்ணுக்குக் கோலியனூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். உனக்கு எழுதுவது அவளிடம் சொல்வதைவிடச் சுலபம் என்பதால் உனக்கு முதலில் எழுதுகிறேன். அதிலும் நான் சுலபமானதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன், பார். நாளைக்கு எனக்கு வாராந்திர விடுமுறை. காலை பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன் என்று உன் அப்பாவிடம் இப்போதுதான் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன்.

அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. வாசலிலேயே நிற்கவைத்து அனுப்பினாலும் சரி. இதற்கு நீ பதில் எழுதும்போது, பரவாயில்லை அம்மா, அந்தச் சூழ்நிலையில் யாரானாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று மட்டும் எழுதாதே. யாரானாலும் செய்திருக்க மாட்டார்கள். செய்யாத ஒருத்தி கைநாட்டு வைத்துக் கொடுத்த தாள் அதே கோப்பில் இருக்கிறது.

உன் அம்மா.